மவுஸைப் பறிக்காத ரீச்சர்: வெள்ளவத்தையில நான் போன கொம்பியூட்டர் வகுப்பு

முதலே சொல்லிப்போடுறன், நான் கொம்பியூட்டர் படிச்ச ஆள் இல்லை. வயசு 53, தையல்காரி, கொழும்பு வெள்ளவத்தையில காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில ஒரு ஒழுங்கையில 19 வருசமா சாறி பிளவுஸ் தைக்கிறன். ஃபோன் எனக்கு நல்லாத் தெரியும், வட்ஸ்அப்பில கழுத்து டிசைன் வரும், பாத்துத் தைப்பன், வொய்ஸ் அனுப்புவன், யூடியூப்பில புதுசா கை வைக்கிற விதம் பாப்பன். ஆனா தங்கச்சியின்ர மகன் கனடா போகேக்க தன்ர பழைய லப்டொப்பைத் தந்திட்டுப் போனான், அது தையல் மெசினுக்குப் பக்கத்தில லைனிங் துணியால மூடி ஒரு வருசமாக் கிடந்தது. திறந்தா பயம். மகளிட்ட கேட்டா “தள்ளுங்கோ அம்மா நான் செய்து தாறன்” எண்டு மவுஸைப் பறிச்சு நாலு தட்டு தட்டிப்போட்டு “சரி முடிஞ்சுது” எண்டுவாள், என்ன செய்தவள் எண்டு எனக்கு ஒண்டும் விளங்காது, அடுத்த கிழமை திருப்பி அதையே கேட்பன், அவளுக்குக் கோவம் வரும், எனக்கு வெக்கம் வரும், அதோட லப்டொப் திருப்பி லைனிங் துணிக்குக் கீழ போயிடும்.

இந்த வகுப்பைப் பற்றி எழுத முதல், அதுக்கு முந்தி நான் காசைக் கொண்டுபோய்க் கொட்டின இன்னொரு இடத்தைப் பற்றி ரெண்டு வரி சொல்லோணும். பேர் வேண்டாம். ஏசி, கண்ணாடிக் கதவு, வாசலில பெரிய போட். 25,000 கட்டினன். 28 பேர் ஒரு அறைக்குள்ள, முதல் ரெண்டு நாளும் கொம்பியூட்டரின்ர தலைமுறையள்தான், வெற்றிடக் குழாய், ட்ரான்சிஸ்டர், சார்ல்ஸ் பபேஜ், எல்லாம் இங்கிலிசில ஸ்லைட் போட்டு அதை எழுதச் சொன்னவை. நானும் வடிவா எழுதினன். பபேஜ் ஆரெண்டு எனக்குத் தெரியும், நான் சேவ் பண்ணின பைல் எங்க போனதெண்டுதான் தெரியாது. கடைசியில சேட்டிபிக்கட் ஒண்டு தந்தவை, பிரேம் போட்டு வைச்சிருக்கிறன், அதுக்குக் கீழதான் இப்பவும் அளவு நாடா தொங்குது.

பிறகுதான் சட்டை தைக்க வாற ஒரு அன்ரி இந்த இடத்தைச் சொன்னவ. இது பெரிய இன்ஸ்டிடியூட் எல்லாம் இல்லை, ஒரு ரீச்சர் தன்ர பிளட்டில முன் அறையில நடத்துறா, அஞ்சு கொம்பியூட்டர், சனி ஞாயிறு ரெண்டு ரெண்டு மணித்தியாலம், ரெண்டு மாசம், 12,000 ரூபா, அதை ரெண்டு தரமா கட்டலாம். பேர் போடட்டோ எண்டு கேட்டன், “வேண்டாம், ஆக்கள் கூடினா என்னால பாக்க ஏலாது” எண்டிட்டா. அதால இதில பேர் இல்லை, ஆனா வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் ரெண்டு பேரிட்ட விசாரிச்சா கண்டு பிடிச்சிடுவியள்.

முதல் நாள் போன உடன நான் கவனிச்சது ரீச்சரின்ர கையை. எப்பவும் முதுகுக்குப் பின்னால கட்டியிருப்பா. நாங்கள் திக்குமுக்காடி நிண்டாலும் குனிஞ்சு ஸ்கிரீனைப் பாப்பா, “மேல இடப்பக்கம் பாருங்கோ, என்ன எழுதியிருக்கு, வாசியுங்கோ” எண்டுவா, ஆனா மவுஸில கை வைக்கவே மாட்டா. ரெண்டு மாசத்தில ஒருக்காக் கூட என்ர மவுஸை அவ தொடேல்லை. எனக்கு அந்த 12,000 அதுக்கே சரி. என்னோட படிச்ச ரிட்டயர் ஆன பள்ளிக்கூடச் சேர் ஒருத்தர் மூண்டாம் நாள் எரிச்சல்பட்டு “பிள்ளை ஒருக்கா நீரே செய்து காட்டுமன்” எண்டார், அதுக்கு அவ “சேர் நீங்கள் வகுப்பில பிள்ளையின்ர கணக்கை நீங்களே செய்து குடுத்தனீங்களோ” எண்டு கேட்டா. சேர் வாயே திறக்கேல்லை.

மவுஸ் பழக அவ தந்தது என்ன தெரியுமோ, சொலிட்டயர். காட்ஸ் விளையாட்டு. 12,000 கட்டிப்போட்டு காட்ஸ் அடிக்கவோ வந்தனான் எண்டுதான் முதல் நினைச்சன், எங்கட அப்பா 304 விளையாடப் போய் விடியப்புறம் வாறவர், அம்மா வாங்கின ஏச்சு இன்னும் காதில இருக்கு. ஆனா ரீச்சர் சொன்னவ, 1990இல விண்டோஸ் 3.0 வரேக்கயே இந்த விளையாட்டு அதோட வந்ததாம், அந்த நேரம் மவுஸ் பிடிச்சுப் பழக்கமில்லாத சனத்துக்கு, அமத்திப் பிடிச்சு இழுத்துக் கொண்டுபோய் விடுற பழக்கம் இதால தானா வந்ததாம். மெய்தான். நாலு ஆட்டம் முடியேக்க கை நடுக்கம் போயிட்டுது. என்ன, இப்ப இருக்கிற சொலிட்டயரில இடைக்கிடை விளம்பரம் வருது, ஒரு அன்ரி அந்த விளம்பரத்தை அமத்திப்போட்டு கொம்பியூட்டர் பழுதாப் போச்சு எண்டு எழும்பியிட்டா.

டபுள் கிளிக் எனக்கு வராத ஒண்டு. மெசின் மிரிச்ச கால், கத்தரிக்கோல் பிடிச்ச கை, விரல் மூட்டு பிடிச்சுப் போய்க் கிடக்கு, ரெண்டு தட்டுக்கும் நடுவில மவுஸ் அசைஞ்சிடும். அந்தப் பெரிய இடத்தில இதுக்கு “பிராக்டிஸ் பண்ணுங்கோ” எண்டு மட்டும்தான் சொன்னவை. இஞ்ச ரீச்சர் ரெண்டு வழி காட்டினா, ஒண்டு ஒருக்காத் தட்டிப்போட்டு கீபோட்டில என்டரை அமத்துறது, மற்றது செட்டிங்கில மவுஸுக்குள்ள போய் டபுள் கிளிக் வேகத்தைக் குறைச்சு விடுறது. எழுத்தையும் 125 வீதமாப் பெருப்பிச்சு விடலாம். இதுகள் இருக்கெண்டே எனக்குத் தெரியாது, வயசு போட்டுது இனி வராது எண்டு நினைச்சுக் கொண்டிருந்தன்.

ஆனா இந்த வகுப்பின்ர உயிர் இருக்கிறது பைலும் போல்டரும் படிப்பிக்கிற அந்த மூண்டு கிழமையிலதான். ஃபோன் பாவிக்கிற எங்களுக்கு ஒரு படம் எங்க இருக்கெண்டு தெரியத் தேவையில்லை, கலரியைத் திறந்தா வரும். கொம்பியூட்டரில அப்பிடி இல்லை. ரீச்சர் ஒரு நாளைக்கு இருபது தரம் கேக்கிற கேள்வி “எங்க வைச்சனீங்கள்?” அதுதான். சேவ் அமத்தினா “எங்க வைச்சனீங்கள்?”, இன்டர்நெட்டில ஒண்டை இறக்கினா “எங்க வைச்சனீங்கள்?”. வீட்டில சாவியைத் தேடேக்கயும் இப்ப மகள் என்னைப் பாத்து இதைத்தான் கேக்கிறாள். முதல் கிழமை முழுக்க போல்டர் செய்யுறதும் அதுக்குள்ள போல்டர் வைக்கிறதும் பேர் மாத்துறதும்தான். நான் என்ர அளவுக் கொப்பி மாதிரி செய்தன், வாடிக்கையாக்களுக்கு ஒவ்வொரு போல்டர், அதுக்குள்ள அளவு, டிசைன் படம், பில்.

சி ட்ரைவ் எண்டு ஏன் பேர், ஏயும் பியும் எங்க போட்டுது எண்டு அந்தச் சேர்தான் கேட்டவர், நல்ல கேள்வி. முந்தி பிளொப்பி எண்டு தட்டையா ஒரு டிஸ்க் போடுற காலத்தில ஏயும் பியும் அதுகளுக்கு எண்டு ஒதுக்கினதாம், ஹாட் டிஸ்க் பிறகு வந்ததால அதுக்கு சி. பிளொப்பி போட்டுது, எழுத்து மட்டும் அப்பிடியே நிக்குது. இந்தக் கதையும் பபேஜ் மாதிரி பழங்கதைதான், ஆனா ஸ்கிரீனில நான் பாத்துக் கொண்டிருக்கிற ஒண்டை விளங்கப்படுத்தினது, அதால மறக்கேல்லை.

தையல்காரிக்கு ஒரு பயம் இருக்கு, அது மற்ற ஆக்களுக்கு விளங்காது. வெட்டின துணி வெட்டினதுதான். காஞ்சிபுரம் பட்டுச் சாறியோட வந்த பிளவுஸ் துணியில அரை இஞ்சி பிழைச்சா அந்த மாசக் காசு போச்சு. அந்தக் கையோடதான் நான் மவுஸையும் பிடிச்சனான், எதை அமத்தினாலும் ஏதோ பாழாப் போயிடும் எண்டு. கட் எண்டு ஒரு சொல்லைப் பாத்த உடன எனக்கு நெஞ்சு பக்கெண்டுது. ரீச்சர் சொன்னா, சரி ஒரு போட்டோ பைலைக் கட் பண்ணிப்போட்டு என்ன நடக்குதெண்டு பாருங்கோ எண்டு. பாத்தா அது மங்கலாகுது, அவ்வளவுதான், இன்னும் அந்த இடத்திலயே இருக்கு. வேற இடத்தில பேஸ்ட் பண்ணினாத்தான் இஞ்சயிருந்து போகுது, பேஸ்ட் பண்ணாம விட்டா ஒண்டும் நடக்காது. எழுதுற புரோகிராமுக்குள்ள அப்பிடி இல்லை, அங்க எழுத்தைக் கட் பண்ணின உடன மறைஞ்சிடும், அதையும் செய்ய வைச்சுக் காட்டினா. எனக்கு நெஞ்சு பதறேக்க “இப்ப கொன்ட்ரோலையும் இசட்டையும் அமத்துங்கோ” எண்டா. அமத்தினன். வந்திட்டுது! எழுத்துக்கு மட்டும் எண்டு நினைச்சன், பைலுக்கும் வேலை செய்யுது, பேர் மாத்தினதை, இடம் மாத்தினதை எல்லாம் திருப்பி எடுக்கலாம். 30 வருசமா கத்தரிக்கோல் பிடிக்கிறன், இப்பிடி ஒரு சாமான் எனக்கு ஒரு நாளும் கிடைக்கேல்லை. அண்டைக்கு இரவு வீட்டில இருந்து சும்மா கட் பண்ணுறதும் இசட் அமத்துறதுமா ஒரு மணித்தியாலம் விளையாடினன்.

சேவ், சேவ் அஸ் வித்தியாசமும் அப்பிடித்தான் ஏறினது. ஒரு பில்லைத் திறந்து ஆளின்ர பேரையும் காசையும் மாத்தி சேவ் அமத்தினா பழைய ஆளின்ர பில் போயிடும், சேவ் அஸ் குடுத்து வேற பேர் வைச்சா ரெண்டும் இருக்கும். பற்றன் கடதாசியை அப்பிடியே வைச்சுக் கொண்டு அதைப் பாத்து வேற வெட்டுற மாதிரி.

இனி நான் பட்ட கரைச்சல் ஒண்டு. பென்ட்ரைவில இருந்த டிசைன் படம் 200 வரையில, இடம் இல்லையெண்டு கொஞ்சத்தை அழிப்பமெண்டு எல்லாத்தையும் செலக்ட் பண்ணி டிலீட் குடுத்திட்டன். குப்பைக் கூடையில போய் எடுப்பம் எண்டு ஆறுதலா தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிட்டு வந்து பாத்தா ரிசைக்கிள் பின் வெறுமை. கொம்பியூட்டருக்குள்ள இருக்கிற பைலை அழிச்சாத்தான் அந்தக் கூடைக்குள்ள போகும், பென்ட்ரைவில அழிச்சா நேராப் போனதுதானாம். ரீச்சருக்கு கோல் எடுத்தன், ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணி, மனிசி ஏசேல்லை, “அதில இனி ஒண்டும் எழுதாதேங்கோ, கழட்டி வைச்சிட்டு கொண்டு வாங்கோ” எண்டா. அழிச்சா படம் உடன அழியாதாம், எது எங்க இருக்கெண்ட பட்டியலில இருந்துதான் எடுபடுமாம், மேல வேற ஒண்டை எழுதினாத்தான் மெய்யாவே போகுமாம். அளவுக் கொப்பியில முன் பக்கத்துப் பேர்ப் பட்டியலைக் கிழிச்ச மாதிரி, உள்ளுக்க அளவு கிடக்கும். ஒரு இலவச புரோகிராம் போட்டு 140 படம் மட்டில எடுத்துத் தந்தா, அதுக்குத் தனியாக் காசும் வாங்கேல்லை. எடுத்ததை அதே பென்ட்ரைவில போடாமல் வேற இடத்தில போடோணும் எண்டதையும் என்னைக் கொண்டே செய்விச்சா. கை அப்பவும் முதுகுக்குப் பின்னாலதான்.

தமிழ் அடிக்கிறதை நான் எதிர்பாக்கேல்லை, ஆனா ஒரு நாள் முழுக்க ஒதுக்கினவ. அந்தச் சேர் பாமினி எண்ட பழைய தமிழ் பொண்ட் (எழுத்துரு) பழகின ஆள், கோயில் நோட்டிஸ் எல்லாம் அதில அடிச்சவர், மகனுக்கு லண்டனுக்கு அனுப்பினா அங்க வெறும் இங்கிலிஸ் எழுத்தாத் தெரியுதாம். ஏனெண்டா பாமினியில அம்மா எண்டு அடிக்க எம், கே, செமிகோலன், கே, எச் எண்டு அமத்தோணும், கொம்பியூட்டர் உள்ளுக்க வைச்சிருக்கிறதும் அதைத்தான், மேல தமிழ் உடுப்பு போட்டிருக்கு, அந்த பொண்ட் இல்லாத இடத்தில உடுப்பு கழண்டு போகும். யூனிகோட் அப்பிடியில்லை, தமிழ் எழுத்துக்கும் அதோட சேருற குறியளுக்கும் தனித்தனி இலக்கம், எங்க போனாலும் தமிழ்தான். விண்டோஸ் 10க்குள்ளயே தமிழ் கீபோட் இருக்கு, லாங்குவேஜில சேத்து விட்டா விண்டோஸ் பட்டனையும் ஸ்பேஸையும் அமத்தி மாத்தி மாத்தி அடிக்கலாம், தமிழ் பொனடிக் எண்டு இருக்கிறதை எடுத்தா இங்கிலிஸ் எழுத்தில ஏ எம் எம் ஏ ஏ எண்டு அடிக்க அம்மா எண்டு வரும். இதுக்கு ஒண்டும் வாங்கத் தேவையில்லை. இப்ப என்ர பில்லில “கை நீளம்”, “முன் கழுத்து” எல்லாம் தமிழில. சேர் மட்டும் கொஞ்சம் கவலைப்பட்டார், பத்து வருசம் அடிச்ச பாமினி பைல் எல்லாம் என்ன செய்யுறதெண்டு, மாத்திக் குடுக்கிற இணையத்தளங்கள் இருக்கெண்டு ரீச்சர் காட்டினா.

பழைய லப்டொப்பைப் பற்றியும் சொல்லோணும், கன பேருக்கு இந்தப் பிரச்சினை. 2025 ஒக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் குடுக்கிற வழமையான அப்டேட் நிண்டிட்டுது. என்ர மெசின் 2015இல வாங்கினது, விண்டோஸ் 11 ஏத்துறதெண்டா டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்பு சிப் வேணும், இன்டெல் எண்டா எட்டாம் தலைமுறை அல்லது அதுக்குப் பிந்தினது வேணும், என்ரதில ஒண்டும் இல்லை. ஒரு திருத்துற கடையில கேட்டன், திறந்தும் பாக்காமல் “தூக்கி எறியுங்கோ, புதுசு 165,000க்கு இருக்கு” எண்டாங்கள். ரீச்சரிட்ட கேட்டா, மைக்ரோசொப்ட் அக்கவுண்டால உள்ள போய்ப் பதிஞ்சா 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் மட்டும் வருமெண்டு காட்டினா, என்னைக் கொண்டே பதிய வைச்சா. பழைய ஹாட் டிஸ்க்கைக் கழட்டி எஸ்எஸ்டி எண்ட கெதியான புது வகை டிஸ்க் போடச் சொன்னா, பத்தாயிரத்துக்குக் கிட்ட முடிஞ்சுது, முந்தி திறந்திட்டு சோறு வடிச்சிட்டு வரலாம், இப்ப உடன திறக்குது. பிறகு அந்த வருசமும் முடிஞ்சா விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போடலாமாம், அது இலவசம், பழைய மெசினுக்கும் பாரம் இல்லை. வகுப்பில கடைசிக் கொம்பியூட்டரில அதுதான் இருக்கு, ஒரு நாள் இருந்து பாத்தன், பெரிய வித்தியாசம் தெரியேல்லை, கீழ பட்டன், மேல பெருக்கல் அடையாளம், எல்லாம் அதுதான்.

இன்னொண்டு, கொம்பியூட்டர் இழுபட்டா நான் ஷட் டவுன் பண்ணிப்போட்டு திருப்பி போடுறனான், அது சரிவராது. விண்டோஸ் ஷட் டவுன் பண்ணேக்க உள்ளுக்க ஒரு பகுதியை அப்பிடியே எழுதி வைச்சுக்கொண்டுதான் படுக்குதாம், அடுத்த முறை கெதியா எழும்புறதுக்காக. முழுசாப் புதுசாத் தொடங்கோணுமெண்டா ரீஸ்டாட்தான். எங்கட வீட்டு ரவுட்டர் காறனுக்கும் இதைச் சொல்லிக் குடுத்தனான்.

குறை இல்லாமலோ, இருக்கு. மூண்டாம் மாடி, லிப்ட் இல்லை, முழங்கால் நோ உள்ள ஆக்களுக்குச் சரியான கரைச்சல். ஏசி இருக்கு, வேலை செய்யாது, ரெண்டு பேன் சுத்தும், அதுவும் நோட்ஸ் கடதாசியைப் பறக்க விடுறதுக்குத்தான். கடல் கிட்ட எண்டபடியால் உப்புக்காத்து, யூஎஸ்பி ஓட்டையள் கறள் பிடிச்சு ரெண்டு மெசினில பென்ட்ரைவ் பிடிக்காது. ஞாயிறு வகுப்புக்கு ஏழு பேர் வந்தால் அஞ்சு மெசின்தான், ரெண்டு பேர் பக்கத்தில இருந்து பாக்கோணும், பாத்தா வராது எண்டு சொல்லுறதே அந்த ரீச்சர்தான், பிறகேன் ஏழு பேரை எடுக்கிறா? கேட்டனான், சிரிச்சா. நோட்ஸ் போட்டோக் கொப்பி, அதில இருக்கிற படமெல்லாம் விண்டோஸ் 7, ஸ்கிரீனில இருக்கிறது வேற மாதிரி, புதுசா வந்த ஆக்கள் குழம்புவினம்.

கணக்குப் போடுற எக்செல்லுக்கு ரெண்டே ரெண்டு வகுப்பு, எனக்கு அதுதான் கூட வேணும், கூட்டல் மட்டும் பழகினன், மிச்சம் ஓடிட்டுது. அங்க இருக்கிறது மைக்ரோசொப்ட் ஒபிஸுக்குப் பதிலாப் பாவிக்கிற லிப்ரே ஒபிஸ், காசு இல்லாதது, வீட்டிலயும் போட்டுக் கொண்டன், ஆனா வேலைக்குப் போகப் படிக்கிற பிள்ளையளுக்கு வேலை இடத்தில கேக்கிறது மைக்ரோசொப்ட் ஒபிஸ் எண்டபடியால் அவைக்கு இது குறைதான். ஒன் ட்ரைவ், அதுதான் பைலை இன்டர்நெட்டில வைக்கிற மைக்ரோசொப்டின்ர இடம், அந்த விசயமும் அவ சொல்லித் தரேல்லை. என்ர டெஸ்க்டொப்பில வைச்ச பைல் எல்லாம் தானா அதுக்குள்ள போய் 5 ஜிபி நிரம்பிட்டுது, காசு கட்டு எண்டு மெசேஜ் வந்தது, ரெண்டு நாள் நித்திரை இல்லை. “எங்க வைச்சனீங்கள்” எண்டு அவ்வளவு கேக்கிற ரீச்சர், நாங்கள் வைக்காமலே போற இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பாதுகாப்புப் பகுதி சின்னன், ஆனா நல்லாச் செய்தா. பைல் பேருக்குப் பின்னால வாற புள்ளியும் எழுத்தும் விண்டோஸ் தானா மறைச்சு வைச்சிருக்கும், அதை வியூவில போய்க் காட்டச் சொல்லி விடோணும், இல்லாட்டி பில் பிடிஎப் எண்டு நினைச்சு புரோகிராம் ஒண்டைத் திறந்து விட்டிடுவியள். ஃபோனில கோல் எடுத்து “உங்கட கொம்பியூட்டரில வைரஸ், இதை இறக்குங்கோ” எண்டு சொன்னா வைச்சிடச் சொன்னா. எழும்பிப் போகேக்க விண்டோஸ் பட்டனும் எல்லும் அமத்தினா பூட்டுப்படும்.

ஆருக்குச் சரிவரும் எண்டு கேட்டால், ஃபோன் தெரியும் கொம்பியூட்டர் எண்டா பயம் எண்டு இருக்கிற என்னை மாதிரி ஆக்களுக்கும், பிள்ளையளிட்டக் கேட்டுக் கேட்டுக் களைச்ச ஆக்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். சேட்டிபிக்கட் வேணுமெண்டா போகாதேங்கோ, அவ குடுக்கிறேல்லை. ஓ எல் சோதினைக்கு ஐசிடி எண்ட கொம்பியூட்டர்ப் பாடம் எடுத்த பிள்ளையளுக்கு முதல் மாசம் அலுப்படிக்கும். தமிழிலதான் விளக்கம், மெனு எல்லாம் இங்கிலிஸ்தான், அதை அவ மாத்திறதில்லை, வெளியில எங்க போனாலும் அப்பிடித்தான் இருக்குமெண்டு.

போறதெண்டா கிட்டப் பாக்கிற கண்ணாடியைக் கொண்டு போங்கோ, தண்ணிப் போத்தல் ஒண்டும். சனிக்கிழமை பின்னேர வகுப்பெண்டா யன்னல் பக்கத்து மெசினில இருந்திடாதேங்கோ, நாலு மணிக்குப் பிறகு கடல் பக்க வெயில் நேரா ஸ்கிரீனில அடிக்கும், மவுஸ் எங்க நிக்குதெண்டே தெரியாது. கேர்ட்டன் நான் தைச்சுத் தாறனெண்டு சொல்லியிருக்கிறன், அளவும் எடுத்திட்டன், அதுவும் ஒரு போல்டருக்குள்ளதான் இருக்கு, துணி எடுக்க இன்னும் நேரம் வரேல்லை.